மடவைக் குஞ்சுகளின் வெறும் வயிறு

ஒரு மடவைக் குஞ்சின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, நோட்டில் எழுதி முடிக்க எனக்கு ஏழு நிமிடம் ஆகும். சுண்டு விரல் நீளமுள்ள மீனுக்கு இந்தக் கணக்கு. அதைவிடச் சின்னது என்றால் எட்டு, சில நாள் ஒன்பது. அப்போது எனக்கு வயது இருபத்தாறு, கை நடுங்காது. இன்றைக்கு மாத்திரை டப்பாவைத் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது. அதிலும் ஒரு மாத்திரை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. போகட்டும்.

அறுபதுகளின் நடுவில் கடலூர் ஓ.டி. என்னும் பழைய ஊரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சிறிய மீன் ஆய்வு அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். அறைகள் மூன்று, மின்விசிறி ஒன்று, நுண்ணோக்கி இரண்டு. அவற்றில் ஒன்றின் கண்ணாடியில் கீறல். எனக்குக் கொடுத்த வேலையை உத்தரவில் ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: கரையோரக் கடல் மீன்களின் குஞ்சுகள் எங்கே வாழ்கின்றன, எதைத் தின்கின்றன என்று கண்டு எழுத வேண்டும். மீன்கள் பல இருந்தாலும் என் பங்குக்கு வந்தது மடவை. மடவை கடலில் முட்டையிடும். குஞ்சு பொரிந்து ஓர் அரிசியைவிடச் சற்றுப் பெரிதானதும் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வந்துவிடும். சில மாதம் அங்கேயே தின்று வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். இவ்வளவும் புத்தகத்தில் இருந்தது. ஆனால் கழியில் இருக்கும் மாதங்களில் குஞ்சு என்ன சாப்பிடுகிறது என்பதற்குப் புத்தகத்தில் இரண்டரை வரிதான். அந்த இரண்டரை வரியை நீட்டுவதுதான் என் உத்தியோகம்.

உத்தியோகம் பங்குனியோடு முடியும். அதற்குள், மாசிக் கடைசியில், என் அறிக்கை மெட்ராஸுக்குப் போக வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எங்கள் அதிகாரி எழுதுவார். இல்லாவிட்டால் நான் குறிஞ்சிப்பாடிக்குத் திரும்பி, அண்ணனோடு மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவில், உட்கார வேண்டும். அண்ணன் எனக்காக ஒரு நாற்காலியே வாங்கிப் போட்டிருந்தார். "மீன் வயித்தக் கிழிக்கிறதுக்கா பி.எஸ்ஸி. படிச்ச? நம்ம ஊட்டுல மூணு தலமொறையா மீனு வாங்கினதில்ல. நீ என்னடான்னா அத பொழப்பாவே வச்சிருக்க" என்று போகும்போதெல்லாம் சொல்வார். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மீன் சமைத்து நான் பார்த்ததே கிடையாது. இது பின்னால் முக்கியமாகப் போகிறது என்பதால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் மனைவியும் சிதம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். வாரத்தில் ஐந்து நாள் கடலூருக்கு ரயில். செவ்வாய்க்கிழமை மட்டும் முதலில் பஸ்ஸில் கிள்ளைக்குப் போய், பிச்சாவரம் பக்கத்துக் கழியில் பிடித்த குஞ்சுகளை வாங்கி, கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய ஜாடியில் போட்டு, திரும்பச் சிதம்பரம் வந்து ரயில் பிடிப்பேன். ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்தால், அந்த நெடிக்கு, பக்கத்து இருக்கை எப்போதும் காலி. வீட்டில் மனைவி என்னைக் கொல்லைப்புறம் வழியாக வரச் சொல்லி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள்.

குஞ்சு பிடித்துக் கொடுத்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். நாற்பது வயதை ஒட்டியவர்கள். தொழில், கையால் தடவி இறால் பிடிப்பது. தண்ணீர் வற்றும் நேரத்தில் கழிக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்த இறாலைப் போட ஓலையில் முடைந்த ஒரு கூடை உண்டு. பறி என்பார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அந்த அம்மா நிறையப் பேசுகிறவர். "அவ வாயில பறி இருக்கிற வரைக்கும்தான் சார் எனக்கு நிம்மதி" என்று கணவர் முதல் நாளே சொன்னார். "நிம்மதியா இருந்து என்னாத்த புடிச்ச? நண்டுகிட்ட கடி வாங்கினதுதான் மிச்சம்" என்றார் அந்த அம்மா.

இறால் பிடித்து முடித்ததும், பழைய சேலை ஒன்றை இரண்டு பக்கமும் பிடித்து ஓரத் தண்ணீரில் அரித்தால் குஞ்சுகள் வரும். எனக்கு மடவைக் குஞ்சு நாற்பது எண்ணிக் கொடுக்க வேண்டும். நான் பஸ்ஸில் போய்ச் சேரும்போது மணி ஒன்பதாகிவிடும் என்பதால், குஞ்சுகளைக் கழித் தண்ணீரோடு ஒரு மண் பானையில் உயிரோடு வைத்திருப்பார்கள். செத்த மீனைக் கொடுப்பது மரியாதை இல்லை என்பது அவர்கள் எண்ணம். நான் கரையில் நின்றபடியே வாங்கிக்கொள்வேன். எனக்கு நீச்சல் தெரியாது, சேறு என்றால் பயம். ஆவணியில் தொடங்கி பத்துச் செவ்வாய்க்கிழமை போனேன். ஒருநாள்கூடச் செருப்பு நனையவில்லை.

பத்து வாரத்தில் நானூறு மீன். அவற்றில் வயிற்றில் ஒன்றுமே இல்லாதவை இருநூற்று முப்பத்தொன்று.

இதை ஒரு மனிதன் எப்படித் தாங்குவான்? மீன் என்ன தின்கிறது என்று எழுத உட்கார்ந்தவனுக்குப் பாதிக்கு மேல் மீன் ஒன்றுமே தின்னவில்லை. நோட்டில் 'வெறும் வயிறு' என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். அதில் கோடு கோடாகப் போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்து, கை வலித்தது. மீதி மீன்களிலும் வயிற்றின் ஓரத்தில் ஒட்டிய கொஞ்சம் சேறுதான். கிள்ளைக்குப் போகும்போதெல்லாம் இதைப் புலம்புவேன். "இந்த வாரமும் வெறும் வயிறும்மா. நாப்பதுல இருபத்தஞ்சு வெறும் வயிறு." அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொள்வார். "அய்ய, பாவமே" என்பார். கணவர் பானையை எட்டிப் பார்ப்பார், அதில் தவறு தெரிகிறதா என்பது போல.

ஐப்பசிக் கடைசியில் மழை வலுத்து இரண்டு வாரம் பஸ் ஓடவில்லை. கார்த்திகையில் மறுபடி போய் வாங்கி வந்த மீன்களைத் திறந்தேன். வயிறுகள் நிறைந்திருந்தன.

முதல் மீன், இரண்டாவது மீன், ஏழாவது மீன், எல்லாமே பிதுங்க இருந்தன. கொழகொழப்பாக வெள்ளையாக ஒரு பொருள். அது என்ன என்று தெரியாததால் 'உருத்தெரியாத தாவரப் பொருள்' என்று எழுதினேன். அதோடு கலந்து, இது முக்கியம், இறாலின் ஓட்டுத் துண்டுகள். மடவையின் குஞ்சு சேற்றுப் பாசியை மேய்வது என்று புத்தகம் சொல்கிறது. இங்கே அது இறால் தின்கிறது! துண்டுகளின் ஓரத்தில் கருப்பாக ஏதோ இருந்தது. 'ஓரங்களில் கரிய நிறமி' என்று குறித்தேன். அந்தக் குறிப்பை மட்டும் ஆறு வாரத்தில் முப்பத்தேழு தடவை எழுதியிருக்கிறேன். ஆறு வாரத்தில் இருநூற்று நாற்பது மீன். வெறும் வயிறு, ஒன்பதே ஒன்பது.

அதிகாரியிடம் காட்டினேன். அவர் சிரிக்காத மனிதர். நாற்காலியை என் பக்கம் திருப்பினார், அதுவே பெரிது. "இறால் சமாசாரம் புதுசு. இதையே முன்னால வச்சு எழுது. அறுநூத்தி நாப்பது மீன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. உன் விஷயத்தையும் சேத்தே எழுதிடறேன்" என்றார். அன்று ரயிலில், வழக்கமாக எண்ணும் ஜன்னல் கம்பிகளை எண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் சொன்னேன். மனைவி சாதத்தைப் போட்டபடி, "மீன் வயித்தப் பாத்தது போதும், உங்க வயித்தப் பாருங்க" என்றாள். ஆனால் அன்று அவளும் ஒரு குடம் தண்ணீரோடு என்னை உள்ளே விட்டுவிட்டாள்.

அலுவலகத்தில் என்னோடு இன்னொரு உதவியாளர் இருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், என் வயது, கிழங்கான் குஞ்சுகள் அவர் பங்கு. மச்சான் என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அந்த வருஷம் மார்கழியில் அவருக்கு நோன்பு மாதம். பிற்பகலில் சோர்ந்து, கையைத் தலைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அந்த நேரத்தில்தான் கூப்பிட்டேன்.

"இன்னா மச்சான், கல்யாண மாப்ள மாதிரி உக்காந்துருக்க?"

"வந்து பாரு. மடவைக் குஞ்சு இறால் தின்னுருக்கு."

நுண்ணோக்கியில் வைத்த கண்ணை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"மச்சான், நீ இறால பாத்துருக்கியா?"

"ஜாடில பாத்துருக்கேன்."

"சட்டில?"

"சட்டில நான் எங்க பாக்கறது?"

"அதான் சேதி. இது வறுத்த இறாலு. செவந்து போயி ஓரம் தீஞ்சிருக்கு பாரு. எங்க உம்மாகிட்ட காட்டுனா எத்தினி நேரம் அடுப்புல இருந்துச்சுன்னே சொல்லிடும்."

கரிய நிறமி. முப்பத்தேழு தடவை.

"கழில யாரு அடுப்பு வச்சிருக்காங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அத நீதான் கண்டுபுடிக்கணும். ஆமா, இது இன்னா வெள்ளையா, கொழகொழன்னு?"

"உருத்தெரியாத தாவரப் பொருள்."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அயோடின் புட்டியை எடுத்து வந்தார். ஒரு சொட்டு விட்டார். வெள்ளைப் பொருள் நீலமாகி, கருநீலமானது. மாவுப் பொருள். வெந்த சோறு.

"நோம்புக்காரன்கிட்ட கஞ்சியக் காட்டுறியே மச்சான், நல்லா இருப்பே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இத்தப் பாரு. இது அல்லாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் மெட்ராஸுக்கு லெட்டர் போட மாட்டோம். உனக்கு வேல நெலைக்கணும். அப்புறம் நீயே முடிவு பண்ணிக்க" என்றார்.

நான் முடிவு ஒன்றும் பண்ணவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை கிள்ளைக்குப் போனேன்.

இருவரும் கரையில் பானையோடு நின்றிருந்தார்கள். பானையைப் பார்த்தேன். நாற்பது குஞ்சுகள். தண்ணீர் லேசாகக் கலங்கி, பால் விட்டது போல இருந்தது. ஆறு வாரமும் இப்படித்தான் இருந்திருக்கும். அதைக் கழித் தண்ணீரின் கலங்கல் என்று நினைத்திருந்தேன்.

"மீனுக்கு ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டேன்.

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி நிமிர்ந்து நின்றார்.

"போட்டோம். ஏன் சார், வயிறு ரொம்பலையா?"

"எதுக்குப் போட்டீங்க?"

"எதுக்கா? நீங்கதான சார் வாராவாரம் சொன்னீங்க, வெறும் வயிறு வெறும் வயிறுன்னு. பஸ் ஏறி வந்து மூஞ்சி சுருங்கிப் போறீங்க. நம்ம கையால குடுக்குற மீனு, அத பட்டினியா அனுப்புனா நல்லாவா இருக்கு?"

"மொதல்ல துன்னல சார்" என்றார் கணவர். தொழில் ரகசியம் சொல்கிற முகத்தோடு. "வெறும் கஞ்சிய சீந்தவே இல்ல. இவதான் எறாத் தலய வறுத்து, இடிச்சி, கலந்து போட்டா. அப்பவும் பாதிதான் துன்னுச்சி. ஒரு கல்லு உப்பு போட்டோம் பாருங்க…"

"எனக்குக்கூட அந்த மாரி கஞ்சி போட மாட்டா" என்று அவரே முடித்தார்.

"உனக்கு எதுக்கு? நீ மெட்ராஸுக்கா போற?" என்றார் அந்த அம்மா.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது அந்த வருஷம். அரிசிக்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடை வரிசையில் என் மனைவி காலையில் பை வைத்து இடம் பிடிப்பாள். இவர்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான், அரிசிக் கஞ்சி எப்போதாவது. "எவ்ளோ போட்டீங்க?" என்று கேட்டேன். ஒவ்வொரு செவ்வாய்க்கும் ஓர் அகப்பை என்றார்கள். ஆறு அகப்பை. இன்றையதோடு ஏழு.  அதற்குமேல், எந்த வாரத்து மீனை எப்போது பிடித்தார்கள் என்று மட்டும் கேட்டேன்.

"தண்ணி வத்தும்போது புடிப்போம் சார். இன்னிக்கு விடியக் கருக்கல்ல வத்துச்சி. போன வாரம் நீங்க வர்றதுக்கு செத்த மின்னாடிதான்."

இந்தக் கேள்வியை நான் பதினாறு செவ்வாய்க்கிழமையும் கேட்டிருக்க வேண்டும். மீனின் நீளம், எடை, தண்ணீரின் உப்பு, காற்று எந்தப் பக்கம், பஸ் எத்தனை நிமிடம் தாமதம், எல்லாம் நோட்டில் இருந்தன. மீன் பிடிபட்ட நேரம் மட்டும் இல்லை. நான் வந்த நேரத்தைத்தான் எழுதியிருந்தேன்.

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் ஒட்டியிருந்த ஏற்றவற்ற அட்டவணையைப் பிரதி எடுத்து வந்து, முதல் பத்து வாரத்துக் கணக்கின் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் விடியற்காலையில் வற்றிய நாட்களில் நாற்பதுக்கு முப்பது, முப்பத்திரண்டு வெறும் வயிறு. எட்டு மணியை ஒட்டி வற்றிய நாட்களில் பத்து, பன்னிரண்டு. பானையில் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ அவ்வளவு வெறும் வயிறு. சின்ன மீனின் குடல் சின்னது, தின்றதை வெகுநேரம் வைத்திருக்காது. கழியில் மீன் பட்டினி கிடக்கவே இல்லை. எனக்காகக் காத்திருந்துதான் அதன் வயிறு காலியானது. நான் புலம்பிய இருநூற்று முப்பத்தொன்றும் என் ஒன்பது மணி பஸ் செய்த வேலை. அந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் அவர்கள் கஞ்சி ஊற்றினார்கள்.

ஆக, அறுநூற்று நாற்பது மீனும் போயிற்று. மீனுக்கு ஏழு நிமிடம் என்றால் எழுபத்து நான்கு மணி நாற்பது நிமிடம். நோட்டின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். நான் பெரிய நேர்மைக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு வாரம் அந்தப் பழைய மீன் கணக்கை அறிக்கைக்காகச் சுத்தமாகப் பிரதி எடுக்கத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் 'இறால் வகை' என்ற பத்திக்கு வரும்போது அந்த அகப்பை கண்ணில் தெரிந்தது. தப்பான எண்ணைக் கூட்ட எனக்கு வராது. கறிவேப்பிலைக்காரியிடம் மிச்சம் தப்பாக வாங்கிவிட்டால்கூட எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். என் குணக்கேடு அது.

மாசிக் கடைசிக்கு ஆறேழு வாரம் இருந்தது. தண்ணீர் முற்பகலிலோ பிற்பகலிலோ வற்றுகிற நாட்களை அந்த அம்மா விரல் விட்டுச் சொன்னார். துறைமுக அட்டவணையோடு ஒத்துப் பார்த்தேன், ஒரு நாள்கூடத் தப்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

முதல் அடியிலேயே முழங்கால் வரை போயிற்று. செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது, இன்றும் அங்கேதான் இருக்க வேண்டும். "சார், நட்ட கல்லு மாரி நின்னா முழுகிடுவீங்க. நடந்துகினே இருங்க" என்றார் கணவர். அந்த அம்மா பறியைக் கடித்தபடி ஏதோ சொன்னார். சிரிப்பு மட்டும் புரிந்தது. என் மனைவியின் பழைய நூல் சேலை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு முனையை நானும் மறுமுனையைக் கணவரும் பிடித்து அரித்தோம். வந்த குஞ்சை அந்த நொடியே ஜாடியில் போட்டேன். ஒரு நடைக்கு எட்டு, ஒன்பது, ஒருநாள் பதினொன்று. அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

கரையில் நின்றபோது கழி எனக்கு ஒரே தண்ணீராகத்தான் தெரிந்திருந்தது. உள்ளே இறங்கியதும் அது பல வீடுகளாகப் பிரிந்தது. ஓரத்தில், கணுக்கால் அளவுகூட இல்லாத இடத்தில், வெயிலில் காய்ந்து வெதுவெதுப்பான தண்ணீர். அங்கேதான் அரிசியைவிடச் சற்றுப் பெரிய குஞ்சுகள் கூட்டமாக நின்றன. பெரிய மீன் அவ்வளவு மேட்டுக்கு வர முடியாது. கொஞ்சம் ஆழத்தில், சுரபுன்னை மரங்களின் வேர்கள் கால்கால்களாக இறங்கியிருக்கும் நிழலில், கோடு போட்ட கீச்சான் குஞ்சுகள் ஒவ்வொன்றாக ஒளிந்திருந்தன. அவை மற்ற மீன்களின் செதிலைக்கூடப் பிய்த்துத் தின்னும் போக்கிரிகள். மணல் திட்டு இருந்த பக்கம் கிழங்கான். சுண்டு விரல் அளவு வளர்ந்த மடவைக் குஞ்சுகள் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அதன் முன்வரிசையிலேயே வந்தன. சற்றுமுன் வெயில் பட்டுப் பழுப்பும் பச்சையுமாக மினுமினுத்த சேற்றின்மேல் தலையைச் சாய்த்து, உதட்டால் வழித்துக்கொண்டே போயின. போன இடத்தில் சின்னச் சின்னக் கீற்றாகத் தடம். அதை எண்ணத் தொடங்கி, இருநூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். எண்ணுவதை நானாக விட்டது என் வாழ்க்கையில் நாலைந்து தடவைதான்.

ஏழு நடையில் அறுபத்து மூன்று மீன். வெறும் வயிறு நான்கு. நகக்கண் அளவுக் குஞ்சுகளின் வயிற்றில் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள், கண்ணுக்குத் தெரியாத இறால் இனத்துப் பொடிசுகள். விரல் அளவுக் குஞ்சுகளின் வயிற்றில் சேறும், மணல் பொடியும், அந்தப் பழுப்புப் பாசியும். இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றில் இரண்டும் கலந்து. வளர வளர மேலே பார்த்துத் தின்பதை விட்டு, கீழே பார்த்துத் தின்னக் கற்றுக்கொள்கிறது. வறுத்த இறால் ஒன்றிலும் இல்லை.

அறிக்கையை அதிகாரி மேஜையில் வைத்தேன். பக்கங்கள் ஒன்பது. அவர் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்தார்.

"அறுபத்தி மூணா? அறுநூத்தி நாப்பது இருந்ததே?"

"அது கஞ்சி சார்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்காத மனிதர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அன்றும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த எண்ணிக்கைய வச்சுகிட்டு உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எழுத முடியாதுப்பா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு வருஷம் தற்காலிகமா கேக்கறேன். பன்னண்டு மாசமும் இதே மாதிரி எறங்கிப் பிடி. புடிச்ச நேரத்த எழுது" என்றார். 'புடிச்ச நேரத்த' என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னார்.

குறிஞ்சிப்பாடியில் நாற்காலி இன்னும் ஒரு வருஷம் காலியாக இருந்தது. அண்ணன் அதில் கணக்கு நோட்டுகளை அடுக்கிக்கொண்டார். மனைவி ஊற்றும் தண்ணீர் மறுபடி இரண்டு குடமானது.

பங்குனியில், நீட்டித்த உத்தரவு வந்த பிறகு முதல் தடவையாகக் கிள்ளைக்குப் போனபோது, அந்த அம்மா கழியிலிருந்து ஏறி வந்து பறியை வாயிலிருந்து எடுத்தார்.

"வேல நெலச்சுதா சார்?"

"இல்லம்மா. இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

"மீனு வயிறு?"

"நெறஞ்சுதான் இருக்கு."

"அப்படி இன்னாதான் துன்னுது?"

"சேறு."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா? எறாத் தலய வறுத்துப் போட்டேன். அதுக்கு சேறுதான் புடிக்குதாம்."

"உன் கைப்பக்குவம் அப்படி" என்றார் அவர், ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு.

அன்று பத்துக் குஞ்சுகள் கிடைத்தன. கரையேறி ஜாடியை மூடும்போது எனக்குத் தலை சுற்றியது. பஸ் அவசரத்தில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன். அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். வயிறு விஷயத்தில் அவருக்கு இப்போது பழக்கம் வந்திருந்தது. மூடி வைத்திருந்த சட்டியிலிருந்து ஓர் ஈயக் குவளையில் கஞ்சி ஊற்றி நீட்டினார். நான் தயங்கியதைப் பார்த்து, "எறாத் தல போடல சார். குடிங்க" என்றார்.

ஓர் அகப்பைதான் இருக்கும். நின்றபடியே குடித்தேன். உப்பு ஒரு கல் கூடுதல்.